கொமோடோ டிராகனைக் காட்டிலேயே பார்க்கப் போகிறீர்களா? வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும்

இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டமிடுகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் சரிப்படும்.

இது நம்ம ஊர் உடும்புதானே? இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

உறவுதான், சந்தேகமில்லை. நம் வயல் வரப்புகளில் ஓடும் உடும்பு, இலங்கையின் குளக்கரைகளில் கிடக்கும் கபரக்கொய்யா, கொமோடோ டிராகன் எல்லாமே வாரனஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதே பிளவுபட்ட நாக்கு, அதே ஆடி ஆடி நடக்கும் நடை. வித்தியாசம் உருவத்தில். வளர்ந்த ஆண் சராசரியாக இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். எடை 70 கிலோவை ஒட்டி. அளந்து பதிவு செய்யப்பட்டவற்றில் பெரியது 3.13 மீட்டர். இன்று உயிரோடு இருக்கும் பல்லி இனங்களில் இதைவிடப் பெரியது கிடையாது. நம் உடும்பு மனிதரைக் கண்டால் ஓடி ஒளியும். இது தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். உங்களுக்காக நகர்ந்துகூடக் கொடுக்காது.

குட்டித் தீவில் போட்டியில்லாமல் வாழ்ந்ததால் இப்படிப் பெருத்துவிட்டது என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் கிடைத்த, 38 லட்சம் ஆண்டுப் பழமையான எலும்புகள் அந்தக் கதையை மாற்றிவிட்டன. பெரிய உடம்போடுதான் இது அங்கே தோன்றியது. பிறகு மேற்கே பரவி, கடைசியில் இந்தச் சில தீவுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சரியாக எங்கே இருக்கிறது?

பாலிக்குக் கிழக்கே லொம்போக், அதற்குக் கிழக்கே சும்பாவா, அதற்கும் அப்பால் ஃபுளோரஸ். சும்பாவாவுக்கும் ஃபுளோரஸுக்கும் இடையில் கிடக்கும் தீவுக்கூட்டம்தான் பூங்கா. கொமோடோ, ரிஞ்சா, பாடார் மூன்றும் பெரிய தீவுகள். 1980ல் தேசியப் பூங்கா ஆனது. 1991ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

டிராகன்கள் கொமோடோ, ரிஞ்சா தீவுகளிலும், நுசா கோடே, கிலி மோத்தாங் என்ற இரண்டு சிறு தீவுகளிலும் வாழ்கின்றன. பூங்காவுக்கு வெளியே ஃபுளோரஸின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் கொஞ்சம் உண்டு. எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். பயணிகள் பார்ப்பது கொமோடோவிலும் ரிஞ்சாவிலும் மட்டும்தான்.

எப்படிப் போய்ச் சேர்வது? விசா?

ஃபுளோரஸின் மேற்கு முனையில் இருக்கும் லபுவான் பாஜோ ஊர்தான் வாசல். பாலியின் டென்பசாரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. ஜகார்த்தாவிலிருந்து இரண்டரை மணி நேரம். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சென்னை, சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர், பாலி, லபுவான் பாஜோ என்பது பழகிய வழி. கோலாலம்பூரிலிருந்து லபுவான் பாஜோவுக்கு நேரடி விமானமும் 2024ல் தொடங்கியது. இப்படிப்பட்ட சேவைகள் வரும், போகும். பதிவு செய்யும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் தரும் விசா உண்டு, 30 நாள். இணையத்திலேயே முன்கூட்டி வாங்கிவிட்டால் பாலி விமான நிலையத்தின் வரிசை மிச்சம். கட்டணம் ஐந்து லட்சம் ரூப்பியா. தொகையைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம், ஒரு இந்திய ரூபாய்க்கே நூற்றெண்பது ரூப்பியாவுக்கு மேல் வரும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம்.

பாலியில் இறங்கிய அன்றே அடுத்த விமானத்தைப் பிடிக்கிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். உள்நாட்டு விமானங்கள் நேரம் மாறுவது அங்கே சாதாரணம்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை வறட்சிக் காலம், கடல் பெரும்பாலும் அமைதி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ஜனவரி, பிப்ரவரியில் அலை பெருத்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளையே நிறுத்திவிடுவார்கள்; பணம் கட்டிவிட்டு ஹோட்டல் மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான்.

ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், டிராகன் கண்ணில் படுவது குறைவு. அது இனப்பெருக்கக் காலம், பெரிய ஆண்கள் காட்டுக்குள் போய்விடும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு ஆண்கள் பின்னங்காலில் எழுந்து நின்று, வாலை ஊன்றிக்கொண்டு, ஒன்றையொன்று கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுவதைப் பார்க்கலாம். அதை நம்பி யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. மழையின் பச்சை மலைகளில் மிச்சம் இருக்கும், வெயிலும் அக்டோபர் அளவுக்கு வாட்டாது.

கொமோடோவா, ரிஞ்சாவா?

பெயருக்காகக் கொமோடோ என்று எல்லோரும் சொல்வார்கள். நேரம் குறைவாக இருந்தால் ரிஞ்சா போதும் என்பது என் கட்சி. லபுவான் பாஜோவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, தீவு சிறியது, மரம் குறைந்த புல்வெளி என்பதால் விலங்குகள் தூரத்திலிருந்தே தெரியும். எருமை, காட்டுக்குதிரை, குரங்கு எல்லாம் அங்கே உண்டு. கொமோடோவில் குரங்கு கிடையாது.

ரிஞ்சாவுக்கு ஒரு குறையும் உண்டு. லோ புவாயா என்ற இறங்குதுறைப் பகுதியில் அரசு பெரிய பார்வையாளர் மையமும், தரையிலிருந்து உயர்த்திய நீண்ட நடைமேடையும் கட்டியிருக்கிறது. 2020ல் வேலை நடந்தபோது லாரி ஒன்றின் முன்னால் டிராகன் நிற்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. யுனெஸ்கோவும் கவலை தெரிவித்தது. நடைமேடை முதியவர்களுக்கு வசதி. ஆனால் மேலிருந்து குனிந்து பார்ப்பதும், ஒரே மண்ணில் நின்று பார்ப்பதும் ஒன்றாகிவிடாது.

கொமோடோவின் இறங்குதுறையான லோ லியாங் பக்கம் இன்னும் காடாகத்தான் இருக்கிறது. தமிழர்களுக்கு அங்கே ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். மலைச்சரிவில் நிற்பவை நம் பனைமரங்கள், சாட்சாத் அதே இனம். கீழே நிழல் தருபவற்றில் புளியமரம் நிறைய. புளியமர நிழலில் படுத்திருக்கும் டிராகனைப் பார்த்தால், இந்தோனேசியாவில் இருக்கிறோமா திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறோமா என்று ஒரு கணம் குழம்பும்.

ஒரு நாள் போதுமா, படகிலேயே தங்க வேண்டுமா?

பணமும் நேரமும் அனுமதித்தால் ஒரு இரவாவது படகில் தங்குங்கள். காரணம் சொகுசு இல்லை, வெயில்.

இது சூரிய வெப்பத்தை வைத்து உடம்பை இயக்கும் பிராணி. காலையில் வெயில் காய்ந்து, உடம்பு சூடேறியதும் நடமாடத் தொடங்கும். வெயில் ஏறினால் நிழலில் சாய்ந்துவிடும். அதனால் காலை ஏழிலிருந்து பத்துக்குள் பார்ப்பதுதான் பார்ப்பது. ஸ்பீட் போட்டில் ஒரு நாள் சுற்றுலா போனால் பாடார், இளஞ்சிவப்புக் கடற்கரை, கொமோடோ, திருக்கை பார்க்கும் இடம், இன்னும் ஒரு குட்டித் தீவு என்று ஐந்தாறு இடங்களை ஒரே பகலில் திணிப்பார்கள். முதலில் பாடார் மலை, ஏனென்றால் அங்கே சூரிய உதயம். டிராகனிடம் போய்ச் சேரும்போது பதினொன்றைத் தாண்டிவிடும். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். நீங்கள் போட்டோ எடுத்துவிட்டு வருவீர்கள்.

படகில் தங்கினால் தீவுக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போடுவார்கள். வாசல் திறக்கும்போது நீங்கள் முதல் ஆளாக இருக்கலாம். லபுவான் பாஜோவில் பலரைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் மூன்று நாள், இரண்டு இரவுப் படகுகள் நிறைய. பினிசி என்ற பாரம்பரிய மரக்கப்பலின் வடிவில் கட்டியவை அவை. தனி அறை, ஏசி என்று போகப் போக விலையும் ஏறும்.

ஒரு நாள்தான் முடியும் என்றால், பாடாரை விட்டுவிட்டு நேராக ரிஞ்சாவுக்குப் போகிற தனிப் படகாகப் பேசிக்கொள்ளுங்கள். மெதுவான மரப்படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஸ்பீட் போட்டில் ஒரு மணிக்குள். கொமோடோவுக்கு மரப்படகில் மூன்று நான்கு மணி நேரம்.

படகு பாதுகாப்பானதா?

படகைப் பொறுத்தது. இந்த நீரிணைகளில் நீரோட்டம் வேகம். படகு கவிழ்ந்து பயணிகள் இறந்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் படம் பார்த்துப் பணம் கட்டாமல், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்த் துறைமுகத்தில் படகை நேரில் பாருங்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, ரேடியோ வேலை செய்கிறதா, கீழ்த்தளத்து அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அடுத்த படகுக்கு நடையைக் கட்டுங்கள். துறைமுகத்தில் வானிலை காரணமாக அனுமதி மறுத்த நாளில், 'நாங்கள் எப்படியாவது கூட்டிப்போகிறோம்' என்று சொல்கிறவரோடு எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது.

குமட்டல் வருமா என்றால், வரும். மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

தீவில் இறங்கியதும் என்ன நடக்கும்?

மரத்தாலான துறைமேடையில் இறங்கிப் பூங்கா அலுவலகத்துக்கு நடப்பீர்கள். சீட்டு சரிபார்த்ததும் வழிகாட்டி வருவார். வழிகாட்டி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க அனுமதி கிடையாது. அவர் கையில் ஆளுயரத்துக்கு ஒரு கவைக்கம்பு இருக்கும். துப்பாக்கி கிடையாது, வேறு ஆயுதமும் கிடையாது. டிராகன் நெருங்கினால் அந்தக் கவையைக் கழுத்தில் வைத்துத் தள்ளித் திசைதிருப்பிவிடுவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் காலங்காலமாக அதுதான் வேலைக்கு ஆகிறது.

குறுகிய நடை, நடுத்தரம், நீளம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலானோர் குறுகியதை எடுப்பார்கள். அதில் அலுவலகத்தைச் சுற்றிக் கிடக்கும் டிராகன்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். உங்களுக்கு நடக்க முடியுமென்றால் நடுத்தரத்தைக் கேளுங்கள். லோ லியாங்கில் அந்த வழி நீர்க்குட்டையைத் தாண்டி சுல்ஃபுரேயா என்ற குன்றில் ஏறும். வழியில் வழிகாட்டி சட்டென்று நின்று தரையைக் காட்டுவார். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று கிடக்கும். அது டிராகனின் கழிவு. இரையின் எலும்பை அப்படியே தின்று செரித்துவிடுவதால் அந்த வெள்ளை. குச்சியால் கிளறிக் காட்டினால் உள்ளே மான் மயிர் திரித்த நூல்போல இருக்கும்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் கத்திக்கொண்டு பறக்கும். உலகில் மிகவும் அருகிவிட்ட பறவை அது, கொமோடோ அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

பாம்பும் உண்டு. நம் கண்ணாடி விரியனுக்கு நெருங்கிய கிழக்கத்திய இனமும், பச்சை விரியனும் அங்கே வாழ்கின்றன. செருப்போடு போகாதீர்கள், மூடிய ஷூ போடுங்கள்.

அலுவலகத்தைச் சுற்றிப் படுத்தே கிடக்கிறதே, மயக்க மருந்து கொடுத்திருப்பார்களோ?

போய்வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற சந்தேகம். மருந்தெல்லாம் இல்லை. அங்கே இழுப்பது சமையல் வாசனை. காவலர்கள் சமைக்கும் மீன் வாசனைக்கு வந்து படுப்பவை அவை. தீனி போடுவது தடை.

அடுத்தது, இந்தப் பிராணியின் இயல்பே கிடப்பதுதான். தன் எடையில் எண்பது சதவீதம் வரை ஒரே வேளையில் தின்னக்கூடியது. அப்படித் தின்றுவிட்டு நாள்கணக்கில் செரித்துக்கொண்டிருக்கும். பிறகு கொம்பு, மயிர், பல் என்று செரிக்காததையெல்லாம் ஒரு உருண்டையாகக் கக்கிவிடும். வேட்டையும் துரத்திப் பிடிக்கிற வேட்டை கிடையாது, மான் நடக்கும் தடத்தின் ஓரமாகக் காத்துக் கிடப்பது. கிட்டே வந்ததும் ஒரு பாய்ச்சல். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரும்.

அதனால் 'சும்மா கிடக்கிறது' என்று அலுத்துக்கொண்டு போனை எடுக்காமல், பத்து நிமிடம் நின்று பாருங்கள். மஞ்சள் நாக்கு வெளியே வந்து காற்றைத் துழாவி உள்ளே போகும். நாக்கின் இரண்டு நுனிகளில் எந்தப் பக்கம் வாசனை தூக்கலாக இருக்கிறது என்று பார்த்து, இரை எந்தத் திசையில் என்று அது கண்டுபிடிக்கும். காற்று வாகாக அடித்தால் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் பிணத்தைக்கூட மோப்பம் பிடித்துவிடும். கழுத்துத் தோல் மடிப்பு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கும். மான் ஒன்று அந்தப் பக்கம் வந்தால், படுத்திருந்த உடம்பு அசையாது. கண் மட்டும் திரும்பும். இவ்வளவு தூரம் வந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தக் கண்தான்.

ஆளைத் தாக்குமா?

தாக்கும், ஆனால் அரிது. பூங்காவின் கணக்குப்படி 1974 முதல் 2012 வரை 24 தாக்குதல்கள், அதில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பகுதி மக்கள். 2007ல் கொமோடோவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். 2017ல் சிங்கப்பூர்ப் பயணி ஒருவர் காலில் கடிபட்டார். கால்நடைகளைத் தின்றுகொண்டிருந்த டிராகன்களை, வழிகாட்டி இல்லாமல் கிட்டப் போய்ப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது.

ஐந்து மீட்டர் இடைவெளி விடுங்கள். கூட்டத்தைவிட்டுப் பிரியாதீர்கள். குனிந்து உட்காராதீர்கள், பையைத் தரையில் போட்டு இழுக்காதீர்கள், கையில் தின்பண்டம் வேண்டாம். அது உங்கள் பக்கம் நடந்து வந்தால் ஓடாமல் வழிகாட்டியின் பின்னால் ஒதுங்குங்கள்.

கடித்தால் விஷமா, வாயிலுள்ள கிருமியா?

ரொம்ப நாளாகக் கிருமி என்றுதான் சொல்லிவந்தார்கள். 1969, 70ல் குடும்பத்தோடு தீவில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி வால்டர் ஆஃபன்பர்க் காலத்திலிருந்து வந்த கருத்து அது. அழுகிய மாமிசம் தின்பதால் வாய் முழுக்கக் கிருமி, கடிபட்ட எருமை சீழ் வைத்துச் சில நாளில் சாகும், டிராகன் பின்தொடர்ந்து போய்த் தின்னும் என்ற கதை எல்லா வழிகாட்டிகளின் வாயிலும் இன்றும் வருகிறது.

2009ல் பிரயன் ஃப்ரை என்ற விஞ்ஞானியின் தலைமையிலான ஆய்வு, கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டியது. அந்தச் சுரப்பு இரத்தம் உறைவதைத் தடுக்கும், இரத்த அழுத்தத்தை இறக்கும். 2013ல் வாய்க் கிருமிகளை ஆராய்ந்தபோது, மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பதைவிட விசேஷமாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் எருமை ஏன் சீழ் பிடித்துச் சாகிறது? எருமை மனிதர் கொண்டுவந்து விட்ட பிராணி. கடிபட்டுத் தப்பினால் சாணி கலந்த குட்டையில் போய் விழும், புண் அங்கே கெடும். மான் அப்படி நாள்கணக்கில் தாங்குவதில்லை, பெரும்பாலும் இரத்தம் போயே செத்துவிடும். வேட்டையில் விஷத்தின் பங்கு எவ்வளவு, வெறும் பல்லின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் இழுபறிதான்.

பல்லையும் லேசாக எடைபோட முடியாது. வாயைத் திறந்தால்கூடத் தெரியாதபடி ஈறு மூடியிருக்கும், உள்ளே ரம்பம்போன்ற விளிம்போடு அறுபது பல். அந்த விளிம்பிலும் நுனியிலும் இரும்புப் பூச்சு இருப்பதை 2024ல் கண்டுபிடித்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அந்தப் பூச்சுதான் கூர் மழுங்காமல் காக்கிறது.

கடிக்குத் தனியாக விஷமுறிவு மருந்து கிடையாது. கழுவி, இரத்தத்தை நிறுத்தி, லபுவான் பாஜோ மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

மாதவிடாய் நாட்களில் பெண்கள் போகலாமா?

போகலாம். இரத்த வாசனைக்கு வரும் என்பதால், வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்வார்கள். ஆறாத புண் இருக்கும் ஆண்களுக்கும் இதே விதிதான். சொன்னால் உங்களைத் தன் பக்கத்திலேயே நடக்க வைப்பார். அங்கே தினமும் கேட்கிற சங்கதி, யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

குழந்தைகள், வயதானவர்கள்?

வயதானவர்களுக்கு ரிஞ்சா நடைமேடை. படகிலிருந்து துறைமேடைக்குத் தாவி ஏறுவதுதான் அவர்களுக்குச் சிரமமான பகுதி, இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும். துறுதுறுவென்று ஓடுகிற சின்னக் குழந்தைகளை நான் கூட்டிப்போக மாட்டேன். கையைப் பிடித்தால் பிடித்தபடி நடக்கிற வயது வரட்டும்.

குட்டிகளைப் பார்க்க முடியுமா?

கண் கூர்மையாக இருந்தால் மரத்தில் பார்க்கலாம். செப்டம்பர் வாக்கில் தாய் இருபது முட்டை போல இடும். பல சமயம், மண்ணைக் குவித்து முட்டையிடும் ஒருவகைக் காட்டுப் பறவையின் மேட்டைப் பிடித்துக்கொண்டு அதில் இடும். ஏழெட்டு மாதம் கழித்து, மழை ஓய்ந்து பூச்சி பெருகிய காலத்தில் குட்டி வெளிவரும். வந்ததும் முதல் வேலை மரமேறுவது. கீழே இருந்தால் பெரியவையே தின்றுவிடும், பெற்ற தாய் என்ற விதிவிலக்கெல்லாம் கிடையாது. உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகளோடு, அப்பன் சாயல் துளியும் இல்லாமல் இருக்கும். கனம் கூடிக் கிளை தாங்காது என்ற நிலை வந்தபிறகே தரைக்கு வரும்.

அப்பன் என்றேன். அப்பனே இல்லாமலும் நடக்கும். ஆண் துணையின்றிப் பெண் டிராகன்கள் முட்டையிட்டுக் குட்டி பொரித்ததை 2006ல் இங்கிலாந்தில் லண்டன், செஸ்டர் விலங்குக் காட்சிசாலைகளில் உறுதி செய்தார்கள்.

தீவில் மனிதர்கள் வாழ்கிறார்களா?

கொமோடோ தீவிலேயே கொமோடோ என்ற மீனவக் கிராமம் உண்டு. வீடுகள் உயரமான கால்களின் மேல் நிற்கும். பூங்கா வருமுன் மான் வேட்டையும் நடந்தது. இப்போது மீன்பிடி, மரத்தில் டிராகன் செதுக்கி விற்பது, வழிகாட்டி வேலை. அவர்கள் டிராகனை ஓரா என்பார்கள். நாக இளவரசி ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததாம், ஒன்று மனிதப் பிள்ளை, ஒன்று ஓரா. ஆகவே அது தங்களுக்கு உடன்பிறப்பு என்பது அவர்கள் கதை. முஸ்லிம் ஊர் என்பதால் கிராமத்துக்குள் நீச்சல் உடையில் சுற்றாதீர்கள். பொம்மை வாங்குவதானால் அவர்களிடமே வாங்குங்கள், பாலி விமான நிலையத்தில் வேண்டாம்.

முன்பெல்லாம் ஆட்டைக் கட்டிப் போட்டுக் காட்டுவார்களாமே?

ஆமாம். வெட்டிய ஆட்டைப் போடுவார்கள், டிராகன்கள் கிழித்துத் தின்பதைப் பயணிகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். 1990களில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று உங்கள் படகுக்காரர் 'கொஞ்சம் கொடுத்தால் காட்டுகிறேன்' என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். மனிதரைக் கண்டால் இரை வரும் என்று பழகிய டிராகன், கையில் ஆடு இல்லாத மனிதரிடமும் வரும்.

தீவை மூடிவிட்டார்கள், கட்டணம் எக்கச்சக்கம் என்று கேள்விப்பட்டேனே?

இரண்டும் பேச்சாக வந்து போனவை. 2019ல், டிராகன் கடத்தல் விவகாரம் வெளியானதை ஒட்டி, 2020ல் கொமோடோ தீவை மூடப்போவதாக மாகாண ஆளுநர் அறிவித்தார். 2019லேயே அது கைவிடப்பட்டது. 2022ல் ஒரு ஆளுக்கு 37.5 லட்சம் ரூப்பியா என்று கட்டணம் அறிவித்தார்கள். லபுவான் பாஜோவின் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதுவும் பின்வாங்கப்பட்டது. அன்றாடக் கட்டணம் அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அடிக்கடி மாறும், நடை, முக்குளிப்பு என்று தனித்தனியாகப் பிரித்தும் வாங்குவார்கள். படகுக்காரர் சொல்லும் விலையில் பூங்காக் கட்டணம் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வருவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

வேறு என்ன பார்க்கலாம்?

பாடார் மலை உச்சியிலிருந்து தெரியும் மூன்று வளைகுடாக்கள், நிஜமாகவே அழகு. எண்ணூறுக்கு மேல் படி, விடியலிலேயே ஏறிவிடுங்கள். சிவப்பு நிற நுண்ணுயிர்களின் ஓடு மணலில் கலந்து இளஞ்சிவப்பாகத் தெரியும் கடற்கரை, படங்களில் காட்டும் அளவுக்குச் சிவப்பாக இருக்காது. யானைத் திருக்கைகள் வரும் இடத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதக்கலாம், நீரோட்டம் இழுக்கும் என்பதால் நீச்சல் தெரியாதவர்கள் படகிலிருந்தே பார்ப்பது நல்லது. மாலையில் காலோங் தீவின் அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பும், அதைத் தவறவிடாதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சோறு, சோயாவில் செய்யும் தெம்பே, தோஃபு, காய்கறி எல்லாம் கிடைக்கும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது சம்பாலில். அதில் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும், 'இறைச்சி இல்லை' என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள், அவர்கள் கணக்கில் அது உண்மைதான். 'தன்பா தெராசி', அதாவது தெராசி இல்லாமல், என்று தனியாகச் சொல்லுங்கள். படகில் ஏறும் முன்பே சமையல்காரரிடம் பேசிவிடுங்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் இரண்டாம் நாள் கைகொடுக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, லபுவான் பாஜோவின் இரவு மீன்கடைகளில் மீனைக் காட்டினால் அங்கேயே சுட்டுத் தருவார்கள்.

டிராகன் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்த படங்களைப் பார்த்தேனே?

வழிகாட்டிகளின் வித்தை. உங்களைப் பல மீட்டர் பின்னால் நிறுத்திவிட்டு, அவர் போனைத் தரையோடு தாழ்த்தி டிராகனின் முன்னால் பிடிப்பார். படத்தில் அது முதலை அளவுக்கும் நீங்கள் அதன் முதுகில் சாய்ந்த மாதிரியும் தெரியும். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும், தெரியாமல் பறக்கவிட்டால் பிடுங்கிவிடுவார்கள்.

இத்தனையும் செய்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்ப நேருமா?

அநேகமாக நேராது. பெரியது ஒன்றாவது அலுவலகப் பக்கம் கிடக்கும். அப்படியும் ஒரு தீவில் ஏமாந்தால் அடுத்த தீவுக்குப் போக உங்கள் திட்டத்தில் அரை நாள் இடம் இருக்கட்டும். பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிடப் போய்விடுவார்.